கணக்கெழுதிக் கப்பல் காத்தவர்

டைரி எழுதியவர் என்றுதான் சாமுவேல் பீப்ஸை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய உத்தியோகம் இங்கிலாந்துக் கடற்படை அலுவலகத்தில்.

1633-இல் லண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1660-இல் வேலையில் சேர்ந்தபோது கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, வாய்ப்பாடுகூடத் தெரியாது! 29 வயதில் ஒரு மாலுமியை வாத்தியாராக வைத்துக்கொண்டு, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார். மரம் அளக்கவும் கற்றார். பிறகு அவரிடம் கள்ளக்கணக்கு காட்டுவது எளிதாக இருக்கவில்லை.

1677-இல் 30 புதிய போர்க்கப்பல்கள் கட்ட நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. அதற்காக வாதாடியவர் இவர்தான். 1679-இல் பொய்க் குற்றச்சாட்டால் பதவி போனது, சிறைவாசமும் வந்தது.

1684-இல் திரும்பி வந்து பார்த்தால், புதுக் கப்பல்கள் பல கடலுக்கே போகாமல் நின்ற இடத்திலேயே உளுத்துக்கொண்டிருந்தன. காற்றோட்டமில்லை, சுத்தம் செய்வாரில்லை. அடித்தளத்தில் காளான் முளைத்திருந்தது. கட்டப் பணம் கிடைத்தது, கவனிக்கத்தான் ஆளில்லை.

1686-இல் தனிக்குழு அமைக்க வைத்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் என்ன பழுது, எவ்வளவு செலவு என்று கணக்கெடுத்துச் செப்பனிட்டார்கள். 1703-இல் பீப்ஸ் காலமானார். அவர் தொகுத்த கப்பல் பதிவேடு இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

நம் லிஃப்ட், மோட்டார், மொட்டைமாடி எல்லாவற்றுக்கும் சங்க அலுவலகத்தில் பராமரிப்புப் பதிவேடு உண்டு. கடைசியாக எப்போது அதைப் புரட்டிப் பார்த்தீர்கள்? அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒருமுறை வந்து பாருங்களேன்.