கம்பு சுற்றிய நரேன்



சுவாமி விவேகானந்தர்னு சொன்னதும் நம்ம கண் முன்னால வர்றது காவித் தலைப்பாகையும், கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற கம்பீரமும்தான். நம்ம பாகான் செராய் சமய வகுப்புலயும் அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுறோம். ஆனா அந்த அகன்ற தோளும் நிமிர்ந்த நெஞ்சும் எப்படி வந்துச்சுன்னு பிள்ளைங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. அதைத்தான் இந்த மாதம் சொல்லப் போறேன்.

1863 ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர் நரேந்திரநாதர். அப்பா விசுவநாத தத்தர் வழக்கறிஞர். அம்மா புவனேசுவரி தேவி. நரேன் சரியான சுட்டி. அடம் பிடித்தால் அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, சிவநாமம் சொல்லித்தான் அடக்குவாராம். நண்பன் வீட்டு மரத்தில் ஏறித் தலைகீழாகத் தொங்குவது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மரத்தில் பேய் இருக்கிறது, ஏறினால் கழுத்தை முறித்துவிடும் என்று அந்த வீட்டுத் தாத்தா பயமுறுத்தினார். அவர் தலை மறைந்ததும் நரேன் மறுபடியும் ஏறிவிட்டார்!

கொஞ்சம் வளர்ந்ததும், நவகோபால் மித்திரர் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர்களோடு சேர்ந்தார். மல்யுத்தம், சிலம்பம் போலக் கம்பு சுற்றுவது, வாள்பயிற்சி, நீச்சல், படகு வலிப்பது என்று எதையும் விடவில்லை. குத்துச்சண்டையில் பரிசும் வாங்கினார். படிப்பு, பாட்டு, தியானம் எல்லாம் இதோடு சேர்ந்தே நடந்தன.

அந்தக் கூடத்தில் ஒரு நாள், சர்க்கஸில் தொங்குவார்களே, அந்த டிரப்பீஸ் சட்டத்தைப் பையன்கள் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அங்கே நின்ற ஓர் ஆங்கிலேயக் கப்பலோட்டியை நரேன் உதவிக்குக் கூப்பிட்டார். தூக்கும்போது சட்டம் சரிந்து அந்த மனிதர் மேலேயே விழுந்தது; அவர் மயங்கிவிட்டார். செத்துவிட்டார் என்று நினைத்து, போலீசுக்குப் பயந்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். நரேனும் ஓரிரு நண்பர்களும் மட்டும் நின்றார்கள். தன் வேட்டியைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டுப் போட்டார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்து, குணமாகும்வரை பார்த்துக்கொண்டு, பணமும் திரட்டிக் கொடுத்து அனுப்பினார். இந்தத் துணிச்சலையும் பொறுப்பையும் திடலில்தான் பழக முடியும். டியூஷன் வகுப்பில் கிடைக்காது.

அப்புறம் வாழ்க்கை அவரைக் கடுமையாகவே சோதித்தது. 1884இல் அப்பா இறந்தார். குடும்பம் வறுமையில் விழுந்தது. 1886இல் குரு ராமகிருஷ்ணர் மறைந்தார். வராகநகர் மடத்தில் சோறும் வெந்த இலையும் கிடைத்தாலே பெரிய விஷயம். அதன் பிறகு பல வருடங்கள் இமயம் முதல் குமரி வரை அலைந்தார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக் கடலில் நீந்தித்தான் பாறைக்குப் போனார் என்பார்கள். 1893 மே 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறி, சிக்காகோ போகும் வழியில் நம்ம பினாங்கையும் கடந்துதான் போனார். இவ்வளவையும் தாங்கியது பையனாக இருந்தபோது வளர்த்த உடம்பு.

1897இல் திரும்பி வந்து சென்னையில் பேசியபோது, இளைஞர்கள் முதலில் பலசாலிகளாக வேண்டும், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது அவர்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்ற பொருளில் சொன்னார். கீதையை அவர் ஒதுக்கவில்லை; உடம்பில் தெம்பு உள்ளவனுக்குத்தான் கீதை நன்றாகப் புரியும் என்பது அவர் கருத்து.

ஒன்றை மறைக்கக் கூடாது. இவ்வளவு பயிற்சி செய்தவரையும் நீரிழிவும் ஆஸ்துமாவும் பிடித்தன. 1902 ஜூலை 4ஆம் நாள், 39 வயதில் மறைந்தார். அன்றைக்கும் சீடர்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் சுமார் இரண்டு மைல் நடந்துவிட்டுத்தான் வந்தார். உடற்பயிற்சி சாவை நிறுத்தாது. இருக்கிற நாளை உபயோகமாக வாழ வைக்கும்.

நீரிழிவு நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு இந்த நோய் இருக்கு; மற்ற பெரிய இனங்களைவிட நம்ம ஆளுங்களுக்குத்தான் அதிகம். தோட்டத்துல இருந்தப்ப லயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்துலயே திடல் இருந்துச்சு. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பிள்ளைங்க சடுகுடு, பந்துன்னு ஓடினாங்க. தாமான் வீட்டுக்கு வந்த பிறகு வாசலும் சுருங்கிப்போச்சு, கையில கைப்பேசி வந்துருச்சு. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைங்களுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் ஆட்டமும் வேணும்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது.

அதனால இயக்கத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சமய வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னாடியே பிள்ளைங்களை வரச் சொல்லுங்க. ஆண் பெண் பாகுபாடு வேணாம். ஒரு பந்து, ரெண்டு கம்பு, கொஞ்சம் இடம் போதும். முதல்ல நீங்களும் சேர்ந்து ஓடுங்க. வேர்த்து வந்து, கைகால் கழுவிட்டு, தேவாரம் பாடட்டும். பெற்றோர் கேட்டா நரேன் கதையைச் சொல்லுங்க. அந்தப் படத்துக்கு மாலை போடுற நமக்கு இந்த அரை மணி நேரம் பெரிய விஷயமில்ல.