பருத்தி வேந்தர் பிரேம்சந்த் ராய்சந்த்

பம்பாய் நகரின் ராஜாபாய் கோபுரத்தை நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். 280 அடி உயர்ந்து நிற்கும் அம்மணிக்கூண்டு ஒரு சமண அன்னையின் பெயரைத் தாங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதை எழுப்பப் பொருள் ஈந்த மகன் பிரேம்சந்த் ராய்சந்த். அவர் சுவேதாம்பரப் பிரிவினர். நாமோ திகம்பர மரபினர். ஆயினும் இல்லறத்தார்க்குரிய பொருள் ஒழுக்கத்தை எண்ணுங்கால், அவரது வரலாற்றை விட்டுச் செல்ல நமக்கு மனமில்லை.

1831ஆம் ஆண்டு சூரத்தில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் எளிய வணிகர்; பிழைப்பு நாடிக் குடும்பத்துடன் பம்பாய் வந்தவர். மைந்தனை எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் சேர்த்தார். அங்குக் கற்ற ஆங்கிலமே பிரேம்சந்தின் முதலாயிற்று. 1849இல் தரகுத் தொழிலில் புகுந்தபோது, ஆங்கிலம் எழுதவும் பேசவும் வல்ல இந்தியத் தரகர் வேறொருவர் இலர் என்பர். வெள்ளையர் வங்கியாளரோடு நேரில் பேசி, யாருக்குப் பங்கு வேண்டும், யார் விற்கக் காத்திருக்கிறார் என்பதை மற்றவர்க்கு முன்னரே அறிந்தார். அந்நாளில் தரகர்கள் நகரமன்றத்தின் எதிரே ஆலமரத்தடியில் கூடி வணிகம் செய்தனர். அங்கே அவர் கைக்கொண்ட முறை எளிது: பிறர் பணத்தில் பிறருக்காக வாங்குவது, தரகுக்கூலி பெறுவது. இழப்பு நேர்ந்தால் அது பெரும்பாலும் அவரைச் சாராது.

கையில் பொருள் சேர்ந்ததும் முறை மாறிற்று. தம் பணத்தைக் கொண்டு பருத்தி, பொன், வெள்ளி, பங்கு ஆகியவற்றை வாங்கலானார். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை வடவர் முற்றுகையிட, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. அவை பம்பாயை நாடின; பருத்தி விலை பன்மடங்கு ஏறியது. பிரேம்சந்த் பருத்தி விளையும் மாவட்டங்களுக்கெல்லாம் தம் ஆட்களை அனுப்பினார். லிவர்பூல் விலைச் செய்தி கொணரும் கப்பலைத் துறைமுகத்திற்கு வெளியிலேயே படகு விட்டு எதிர்கொள்வார் என்றும் கூறுவர். இவ்விரண்டாம் நிலையிலும் அவர் முறையில் பழுதில்லை என்பதே நம் கருத்து. செய்தியைத் தேடினார்; சரக்கை அறிந்தார்; அதன் பின்னரே வாங்கினார்.

மூன்றாம் நிலையில்தான் இடர் தொடங்கிற்று. கொல்லிமலைச் சந்தையில் ஒருவர் ஒரு மூட்டை மிளகு வாங்கினால் விலை அசையாது. சந்தைக்கு வந்த மிளகனைத்தையும் ஒருவரே வாங்கப் புகுந்தால், அவர் வாங்குவதனாலேயே விலை ஏறும். பின்னர் அவர் விற்க எண்ணினாலோ, கொள்வார் இரார். பெருஞ்செல்வர் அனைவர்க்கும் நேரும் இக்கட்டு இது. சிறு முதலுக்கு இடந்தந்த நல்ல பங்குகள் பெருமுதலுக்குப் போதா. ஆகவே பிரேம்சந்த் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, பங்குகளை உண்டாக்கத் தலைப்பட்டார். புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் அவர் ஆதரவில் தோன்றின. அவர் பெயர் சேர்ந்தாலே விலை ஏறும். தமக்கு வேண்டியவர்க்குப் பங்கு ஒதுக்கித் தருவார். பாக்பே கம்பெனியில் 5,000 ரூபாய் செலுத்திய பங்கு 50,000 ரூபாயையும் கடந்தது. தூர்க்க வேண்டிய கடலோ அப்படியே கிடந்தது!

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1840இல் நிறுவப்பட்ட பம்பாய் வங்கி, முன்னர்ப் பங்குகளை ஈடாகக் கொண்டு தாராளமாகக் கடன் தர இயலாதிருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையைத் தளர்த்தியது. அவ்வங்கியின் பொறுப்பாளரிடம் பிரேம்சந்துக்கு அளவிறந்த செல்வாக்கு இருந்தது. பங்கை ஈடு வைத்துக் கடன். அக்கடனால் மேலும் பங்கு. விலை ஏறியதும் அதன்மேல் மேலும் கடன். இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்த மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பொருளீட்டலைத் தடுப்பதன்று; இவ்வளவு போதும் என முன்கூட்டியே எல்லை வரைவது. அவ்வெல்லையை அவர் வரைந்திருந்தால் இரண்டாம் நிலையிலேயே நின்றிருக்கக் கூடும் என எண்ணத் தோன்றுகிறது.

1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. தவணை வணிகத்தின் கணக்கு தீர்க்கும் நாள் ஜூலை 1. அன்று வாங்கியவர்கள் பணம் தர இயலவில்லை. விற்றவர்களும் தம் கடனை அடைக்க முடியவில்லை. 2,850 ரூபாய்க்கு விற்ற பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கிற்று. எத்தனையோ குடும்பங்கள் நிலைகுலைந்தன. பிரேம்சந்தும் தம் செல்வத்தை இழந்தார். 1868இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு வங்கியின் வீழ்ச்சியை ஆராய்ந்தபோது, அவருக்கும் அவர் சொற்படி பிறர்க்கும் தந்த கடன்கள் வெளிப்பட்டன. அவருடைய ஈகையைப் போற்றும் நாம் இதை மறைத்தல் தகாது.

ஈகையோ வியப்பிற்குரியது. வீழ்ச்சிக்கு முந்திய 1864ஆம் ஆண்டிலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திற்கு 2 லட்சமும், அன்னை ராஜாபாய் நினைவான கோபுரத்திற்கு 2 லட்சமும் அளித்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்திற்கும் 2 லட்சம் வழங்கினார். அதனால் அமைந்த பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையைப் பெற்றவர்களுள் ஆசுதோஷ் முகர்ஜியும் ஒருவர். ஏறியிருந்த நாளில் வைத்திருந்த பங்குகள் வெறுந்தாளாயின. கொடுத்தவை மட்டும் எஞ்சின. கண்பார்வை இழந்த அன்னை, கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் நோன்பு வழுவாதிருக்க மாலை மணியோசை உதவ வேண்டுமென்றே கோபுரம் எழுந்ததாக ஒரு வழக்குண்டு. செவிவழிச் செய்தியேயாயினும், இரவுண்ணாமை காக்கும் நம் இல்லங்களில் கேட்க இனிது.

வீழ்ந்தபின் அவர் ஒளிந்து கொள்ளவில்லை. மீண்டும் தரகராகவே தொழிலைத் தொடங்கி, மிதமான வாழ்வை மீட்டார். 1875இல் 318 தரகர்கள் ஆளுக்கு 1 ரூபாய் நுழைவுக் கட்டணத்துடன் சங்கம் அமைத்தபோது அதன் முன்னோடிகளுள் அவரும் இருந்தார். இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை அதன் வழிவந்ததே. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1878இல், கோபுரம் முற்றுப்பெற்றது. தாம் இழந்த செல்வத்தின் நடுவே தாம் ஈந்தது ஓங்கி நிற்பதை மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் கண்டு, 1906இல் மறைந்தார். 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற பம்பாய்க் கட்டடத் தொகுதியுள் அக்கோபுரமும் அடங்கும்.