போலீஸே தப்பு செஞ்சா யாரிடம் சொல்வது? 60 ஆண்டுக்கு முன்பே வழி தேடிய கே.சந்தானம்: யார் இவர்?

ஜலகண்டாபுரத்தில் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கை நீட்டினால், எங்கே புகார் செய்வது? அதே ஸ்டேஷனிலா? 'வேலியே பயிரை மேய்ஞ்சா' என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கேள்விக்கு டெல்லியில் உட்கார்ந்து பதில் தேடியவர் ஒரு தமிழர். அவர்தான் கஸ்தூரிரங்க சந்தானம்.

நம்ம பக்கத்துக்காரர்?

1895-ல் பிறந்தவர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது கூடவே வந்து, ஆசிரமப் பணிகளைக் கவனித்தார். இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம். அப்போது ஜலகண்டாபுரத்தைப் போலவே சேலம் ஜில்லா. நூல் நூற்கும் பெண்களுக்குக் கூலி, நெசவுக்கு நூல் என்று எல்லாமே கணக்கு வழக்கில் நடந்த இடம் அது.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் பங்கேற்றார். பிறகு பத்திரிகை ஆசிரியர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ரயில்வே இணை அமைச்சர், விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநர் எனப் பல பொறுப்புகள்.

1962-ல் என்ன நடந்தது?

அரசு அலுவலகங்களில் லஞ்சம் பெருகுவதாக நாடாளுமன்றத்தில் கடும் விமர்சனம் எழுந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஒரு குழு அமைத்தார். தலைவர் சந்தானம்.

லஞ்ச வழக்குகளை விசாரிக்க 1941 முதலே ஒரு சிறப்பு போலீஸ் பிரிவு இருந்தது. 1963 ஏப்ரல் 1-ல் அதுவே விரிந்து சிபிஐ ஆனது. ஆனா, மாட்டியவரைத் தண்டிப்பது மட்டும் போதாது என்பது சந்தானம் குழுவின் பார்வை. ஃபைல் தாமதம், சிக்கலான விதிமுறை, அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம்... லஞ்சம் முளைப்பதே இங்கேதான் என்றது குழு. வேலை சீக்கிரம் முடியக் கொடுக்கும் பணத்தையும் அது தனியாகச் சுட்டிக்காட்டியது.

என்ன மாறியது?

இறுதி அறிக்கை 1964 மார்ச் 31-ல் தரப்பட்டது. அதற்கு முன்பே, பிப்ரவரி 11-ல், குழுவின் பரிந்துரைப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. அதே ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது; மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்தன. சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்திய போலீஸ் படைகளிலும் தலைமைக் கண்காணிப்பு அதிகாரி உண்டு. அதிகாரிகளின் சொத்துக் கணக்கைப் பார்ப்பது, பணம் புழங்கும் இடத்தில் ஒரே ஆளை வருஷக்கணக்கில் வைக்காமல் மாற்றுவது என, தப்பு நடக்கும் முன்பே தடுப்பதும் இவரது வேலை.

எங்கே சறுக்கியது?

ஆணையத்துக்குக் கிடைத்தது ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. தண்டனை குறித்த கடைசி முடிவு அந்தந்தத் துறையின் கையில். அமைச்சர்கள் மீதான புகாரையும் விசாரிக்க வழி வேண்டும் என்று குழு சொன்னது. லோக்பால் சட்டம் வந்ததோ 2013-ல்தான். ஆணையத்துக்கே முழுமையான சட்டம் கிடைத்தது 2003-ல். சிபிஐ-யின் ஊழல் வழக்கு விசாரணைகளை மேற்பார்வையிடும் பொறுப்பும் அந்தச் சட்டத்தில் ஆணையத்திடம் வந்தது. சந்தானமோ 1980-லேயே காலமாகிவிட்டார்.

2018-ல் சிபிஐ இயக்குநரும் சிறப்பு இயக்குநரும் ஒருவர் மீது ஒருவர் லஞ்சப் புகார் சொன்னார்கள். இயக்குநர் மீதான புகாரை ஆணையமே விசாரித்தது. ஆனால் அந்த விசாரணையைக் கண்காணிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை உச்ச நீதிமன்றம் நியமிக்க வேண்டியிருந்தது. காவலுக்கு ஒரு காவல், அதற்கும் ஒரு காவல்!

சரி, ஜலகண்டாபுரத்துக்காரர் எங்கே போவது?

உள்ளூர் ஸ்டேஷன் போலீஸ் மாநில அரசின் கீழ் வருவதால், மத்திய ஆணையம் இங்கே வராது. இதற்கென இருப்பது தமிழக லஞ்ச ஒழிப்புத் துறை. புகார் கொடுத்தால், ரசாயனம் தடவிய நோட்டுடன் வந்து கையும் களவுமாகப் பிடிப்பார்கள். இந்தத் துறை தொடங்கப்பட்டதும் அதே 1964-ல்தான்.

பிடிப்பதற்கு ஆள் இருக்கிறது. கை நீட்டவே வாய்ப்பில்லாத ஆபீஸைத்தான் சந்தானம் கேட்டார். அது இன்னும் பாக்கி.