சாக்லேட் தாள்ல செஞ்ச மீன்... உலகத்தையே தூண்டில்ல சிக்க வெச்ச ஃபின்லாந்து மீனவர்!

ரீல்ஸ் தள்ளும்போது நீங்களும் பார்த்திருப்பீங்க. வீட்டு மேஜையிலேயே ஒருத்தர் அச்சு செஞ்சு, உருக்கின பிளாஸ்டிக்கை ஊத்தி, ஆறினதும் வெளியே எடுப்பார். கொழகொழன்னு ஒரு குட்டி மீன் ரெடி! அதைத் தூண்டில்ல மாட்டி ஏரியில போட்டா, நிஜ மீன் வந்து லபக்குன்னு கவ்வும்.

இப்படி வீட்டிலேயே பொய் இரை செய்யுறவங்களுக்கு ஒரு தாத்தா இருக்கார். அவர்கிட்ட பிளாஸ்டிக் கிடையாது, அச்சு கிடையாது, காசும் கிடையாது. கையில் இருந்தது செருப்பு தைக்கிறவங்க வெச்சிருக்குற கத்தி ஒண்ணு. அவர் பெயர் லௌரி ரப்பாலா.

அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. லௌரி பிறந்தது 1905-ல், ஃபின்லாந்தின் சிஸ்மா பகுதியில். ஏழைக் குடும்பம். சின்னப் பையனா இருந்தபோது அம்மாவோட அசிக்காலாங்கிற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பதிவேட்டில் பெயர் எழுதின பாதிரியாருக்குக் குடும்பப் பெயர் ஞாபகம் வரலையாம். அவங்க வந்த கிராமத்தோட பெயரையே எழுதிவிட்டார். அந்தக் கிராமம்தான் ரப்பாலா. இன்னிக்கு தூண்டில் பிரியர்கள் கொண்டாடுற பிராண்டு பெயர், ஒருவருடைய மறதியில் பிறந்தது!

1928-ல் எல்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார் லௌரி. குடும்பம் பெரிதானது, வருமானம் ஆகலை. குளிர்காலத்தில் மரம் வெட்டப் போவார். மற்ற நாள்களில் பையன்னே ஏரியில் மீன் பிடிப்பார். அந்த வேலை எப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கில் முள் கட்டியிருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் குட்டி மீனையோ புழுவையோ கோக்கணும். அந்தக் குட்டி மீனையும் முதல்ல பிடிச்சாகணும். மீன் கடிச்சதும் திரும்ப இரை மாட்டணும். நாளில் பாதி இரைக்கே போய்விடும். அந்த நேரம் மிச்சமானால் இன்னும் நாலு மீன் பிடிக்கலாம், வீட்டில் அடுப்பு எரியும். லௌரிக்கு அதுதான் கவலை.

துடுப்பு போட்டுக்கொண்டே அவர் தண்ணீருக்குள்ளே பார்ப்பார். அங்கே பைக்னு ஒரு மீன் உண்டு. நம்ம ஊர் வண்டி இல்லைங்க... கூர்ப்பல் வெச்ச பெரிய வேட்டை மீன். குட்டி மீன் கூட்டம் கூட்டமா போகும்போது அது சட்டுன்னு எல்லாத்தையும் துரத்தாது. அடிபட்டோ, சோர்ந்தோ, கொஞ்சம் தள்ளாடி நீந்துற மீன் எதுன்னு பார்த்து, அதைத்தான் அடிக்கும். இதைத் திரும்பத் திரும்பக் கவனித்தார் லௌரி. அப்போ நாம செய்யுற இரையும் அப்படித் தள்ளாடணும்! பார்க்க மீன் மாதிரி இருந்தா மட்டும் போதாது, நீந்தும்போது நொண்டணும்.

உடனே வேலையில் இறங்கினார். கார்க்கை எடுத்து அந்தக் கத்தியால் மீன் வடிவத்தில் செதுக்கினார். உப்புத்தாளால் தேய்த்தார். செதில் மாதிரி மின்னுறதுக்கு? சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க? வார்னிஷ் வாங்கக் காசில்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். ஒண்ணு செய்வார், ஏரியில் இழுத்துப் பார்ப்பார், ஆட்டம் சரியில்லைன்னா திரும்பச் செதுக்குவார். 1936-ல் அவர் நினைச்ச மாதிரியே தள்ளாடுற மீன் கையில் வந்தது.

இந்த வகை இரையில் மூக்குக்குக் கீழே உதடு மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி, உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அந்தத் தகடு கொஞ்சம் கோணினாலும் ஆட்டம் மாறிவிடும். அதனால்தான் அவ்வளவு பொறுமை.

லௌரியின் படகில் மீன் கூடினதைப் பார்த்து அக்கம்பக்கத்தினரும் கேட்க ஆரம்பித்தார்கள். நடுவில் போர் வந்தது. 1939-ல் சோவியத் படை ஃபின்லாந்துக்குள் நுழைந்தபோது லௌரியும் போர்முனைக்குப் போனார். போர் முடிந்து திரும்பினவர் மறுபடியும் கத்தியை எடுத்தார். பிள்ளைகளும் வேலையில் சேர்ந்துகொண்டார்கள். மரப்பட்டையில் செய்து பார்த்து, பிறகு எடை குறைவான பால்சா மரத்துக்கு மாறினார்கள்.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்கு வந்த வெளிநாட்டவர்கள் சிலர் இந்த இரையை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். 1959-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ரான் வெபர் கண்ணில் இது பட்டது. நண்பர் ரே ஆஸ்ட்ரமோடு சேர்ந்து இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்தார்.

அப்புறம் நடந்தது சினிமா மாதிரி. 1962 ஆகஸ்ட்டில் 'லைஃப்' பத்திரிகை ரப்பாலா இரையைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதே இதழின் அட்டையில் மர்லின் மன்றோ. அந்த மாதம்தான் அவர் இறந்திருந்தார். அமெரிக்காவே அந்த இதழைத் தேடித் தேடி வாங்கியது. வாங்கினவர்கள் ஏரிக்கரைக் கட்டுரையையும் படித்தார்கள். ஆர்டர்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ஒரு குடும்பம் கையால் செதுக்கிக் கொடுத்துத் தீர்க்கிற அளவா அது? தொழிற்சாலை பெரிதானது, மெஷின்கள் வந்தன.

ஆனா, லௌரி ஏரியில் இறங்கிச் செய்த அந்த ஒரு வேலையை மட்டும் அவங்க விடலை. செய்து முடித்த இரையைத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்து, சரியா தள்ளாடினால்தான் டப்பாவுக்குள் போடுவாங்க. 1974-ல் லௌரி இறந்தார். அதற்குப் பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது.

அடுத்த முறை நீங்க வீட்டில் அச்சு செஞ்சு ஒரு பிளாஸ்டிக் மீன் ஊத்தினீங்கன்னா, கலர் எப்படி வந்திருக்குன்னு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஒரு பக்கெட் தண்ணியில் இழுத்துப் பாருங்க. நேரா, ஜம்முன்னு போகுதா? அப்போ வேலை இன்னும் முடியலை!