நாவலர் விட்டுச்சென்றதும் விட்டுவிட்டதும்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகள் சைவ வினாவிடை மனனம் செய்யும் சத்தம் கேட்கும். பலர் போரால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஊர்க்கோயில் எட்டாத தூரத்தில். ஆனால் கேள்வியும் பதிலுமாகச் சமயம் கூடவே வந்துவிட்டது. அதற்கு வழி செய்தவர் ஆறுமுக நாவலர்.

1822இல் நல்லூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிசன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கும் உதவினார். பாடசாலை, அச்சகம், பிரசங்கம் ஆகிய மூன்றாலும் மிசன் வளர்ந்ததை உள்ளேயிருந்தே கண்டார். பிறகு அந்த மூன்றையும் சைவத்துக்காகக் கையிலெடுத்தார்.

1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்கள் வந்தன. பெரியபுராணம் உரைநடையானது. ஏட்டிலும் ஓதுவார் நாவிலும் இருந்த சமயம் சாதாரண வீட்டு அலுமாரிக்குள் வந்தது. பட்டணத்துக்குப் பெயர்ந்தவரும் அதைக் கொண்டுபோக முடிந்தது.

ஆனால் அந்தப் புத்தகம் எல்லோருக்கும் ஒரேமாதிரித் திறக்கவில்லை. நாவலர் சாதி ஒழுங்கைக் கேள்வி கேட்கவில்லை. ஆகம ஆசாரத்தின் பெயரால் அதைக் காத்தார். அவர் 1879இல் மறைந்து ஏறத்தாழ 90 வருடங்களின் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. மரபு தொடரும்போது நல்லது மட்டும் தொடர்வதில்லை.

இதே நாவலர்தான் 1870களின் பஞ்சத்தில் நன்கொடை திரட்டி, பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். இன்று மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் எங்களுக்கு அதன் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை என்று அங்கிருந்து தப்பி வந்த பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நாவலரின் பிரசங்கத்தையும் அச்சகத்தையும் படிக்கட்டும். அவர் கேட்காமல் விட்ட கேள்வியையும் படிக்க வேண்டும். அது இன்னும் எந்த வினாவிடையிலும் என் கண்ணில் படவில்லை.