ரஹீம் சாகிபும் எண் இல்லாத சட்டையும்

நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குச் சில ஆண்டுகள் கால்பந்துச் சட்டைகளுக்கான ஆர்டர் வரும். முதுகில் எண்ணும் ஆட்டக்காரர் பெயரும் அச்சாகும். பிரிண்டிங் முடிந்து வந்த சட்டைகளை ஆயிரக்கணக்கில் சரிபார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சியாளரின் பெயரைக்கூட அவற்றில் கண்டதில்லை. அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம்.

1909-இல் பிறந்த ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர்க் கழகங்களிலும் பந்தாடியவர். ஆனால், ஆட்டக்காரராக அவரை இன்று யாரும் பேசுவதில்லை. 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார்; பின்னர் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாக் கழகங்களே கால்பந்து என்றிருந்த காலத்தில் இது சிறிய செய்தியல்ல.

கோப்பைகளைவிட என்னை ஈர்ப்பது அவர் உள்ளூரில் நடத்திய விசித்திரமான போட்டிகள். ஒன்றில் பந்தைக் காலிலேயே வைத்து உருட்டிச் செல்லக் கூடாது. வந்த வேகத்தில் அடுத்தவருக்குத் தந்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். தனியாளின் வித்தையைக் கைத்தட்டி ரசித்த ஊரில், பந்து மனிதனைவிட வேகமாக ஓடும் என்பதை விதியாகவே எழுதிப் புரியவைத்தார். பள்ளி ஆசிரியர் அல்லவா! பிழை எங்கே என்று சொல்வதோடு நிற்காமல், அது மறையும்படி வீட்டுப்பாடமும் தந்தார்.

1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் பயிற்சியில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கியில் பேரிடி. குளிரில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றனர். அதன் பிறகே காலணி கட்டாயமானது. அத்தகைய தோல்விக்குப் பின் பயிற்சியாளரைத் துரத்துவது நம் வழக்கம். ரஹீம் நீடித்தார், 1956-இல் மெல்போர்னில் நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் நாம் தொட்ட உச்சம் அது. 1960-இல் ரோமில் பிரான்ஸுடன் 1-1 எனச் சமன்.

1962 ஜகார்த்தாவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி எதிர்த்ததால், இந்தோனேசியர்களின் கோபம் நம் அணி மீது திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது.

ரஹீம் இரண்டு முடிவுகள் எடுத்தார். தலையில் கட்டோடு இருந்த பின்காப்பாளரை வெளியே உட்கார வைக்காமல் முன்னணிக்கு அனுப்பினார். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்கு மீண்டும் அழைத்தார். இந்தத் தங்கராஜ் நமக்கு அந்நியரல்லர். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடி வளர்ந்தவர். நீலகிரியில் இருக்கும் அந்த மைதானம் திருப்பூரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். செப்டம்பர் 4 அன்று, ஏளனக் கூச்சலுக்கு நடுவே, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. கோல் அடித்தவர்கள் பி.கே.பானர்ஜியும், பின்காப்பாளராக வந்த ஜர்னைல் சிங்கும்.

அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார்; வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கவே 1985 ஆயிற்று. 2024-இல் வந்த இந்தித் திரைப்படம் ஒன்றுதான் அவர் பெயரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு இன்றுவரை இன்னொரு தங்கம் இல்லை. திறமை வற்றிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். வீரனுக்குப் பரிசு தரும் ஊர், மாலைதோறும் சிறுவர்களோடு நிற்பவருக்கு மாதச் சம்பளம் தர யோசிக்கிறது.

எங்கள் பகுதியில் அப்படி நிற்பவர் ஒரு டெய்லர். ஷிப்ட் முடிந்ததும் மைதானத்துக்கு வந்துவிடுவார். அவரிடம் ரஹீமின் இடக்கால் போட்டியைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வலக்கால் கோல் எதுவும் கணக்கில் இல்லை என்று அறிவித்துவிட்டார். பையன்கள் முணுமுணுத்தார்கள். பந்து பலமுறை வேலியைத் தாண்டிப் போயிற்று. ஆட்டம் 0-0.