சுண்டெலிகள் காட்டிய வழி

குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாழும் முதியோர் பலரின் மேற்கையில் வட்டத் தழும்பு ஒன்றை இன்றும் காணலாம். அது அம்மை குத்திய அடையாளம். அதற்கான அம்மைப்பாலைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் உருவாக்கி வந்தது. அந்நாளில் பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். முத்து இறங்கித் தலைக்கு நீர் ஊற்றும்வரை வீடே கலங்கிக் காத்திருக்கும். இன்று அந்நோய் உலகில் எங்கும் இல்லை. இல்லை என்பதை ஆராய்ந்து சான்றளித்த உலகக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஃபிராங்க் ஃபென்னர். அப்பொறுப்புக்கு அவரை ஆயத்தப்படுத்தியவை சுண்டெலிகள் எனில் வியப்பாக இருக்கும்.

ஃபென்னர் 1914 டிசம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் பிறந்தார். அடிலெய்டில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் படை மருத்துவராகி, நியூகினிக் காடுகளில் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்ததும் 1946இல் மெல்போர்னில் மக்ஃபார்லேன் பர்னட் என்னும் பேரறிஞரிடம் சேர்ந்தார். அவர் ஃபென்னரிடம் ஒப்படைத்தது எலியம்மை ஆய்வு.

எலியம்மை 1930இல் இலண்டன் ஆய்வகச் சுண்டெலிகளிடம் கண்டறியப்பட்ட நோய். பிழைத்த எலிகளின் பாதமும் வாலும் அழுகி உதிர்ந்துவிடும். இதை உண்டாக்கும் வைரஸ், பெரியம்மை வைரஸின் நெருங்கிய உறவு. பெரியம்மை தொற்றியபின் ஏறத்தாழ 12 நாள்கள் நோயாளி நலமாகவே இருப்பார். அந்நாள்களில் வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது? மனித உடலில் அதை நாள்தோறும் தேட இயலாது, எலியுடலில் இயலும்.

ஃபென்னர் எலியின் பாதத்தில் வைரஸைச் செலுத்தி, ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தார். வைரஸ் முதலில் தோலில் பெருகியது; நிணநீர்க் கணுவை அடைந்தது; குருதி வழியே கல்லீரலிலும் மண்ணீரலிலும் புகுந்து பன்மடங்காகியது. பின் மீண்டும் குருதியில் கலந்து தோலுக்கு வந்தபோதே முத்துகள் தோன்றின. நோயின் தொடக்கமெனக் கருதப்பட்ட முத்து, உண்மையில் நெடும்பயணத்தின் இறுதிக்கட்டம்! இம்முடிவை அவர் 1948இல் வெளியிட்டார். எலியம்மை வைரஸிலேயே மாஸ்கோ வகை, ஹாம்ப்ஸ்டெட் வகையைவிடக் கொடியது என்பதையும் கண்டார். வைரஸின் வீரியம் அதன் மரபில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதே வைரஸ் ஓர் எலி இனத்தைக் கொன்றது. இன்னோர் இனத்தை விட்டுவைத்தது.

ஆஸ்திரேலியப் பயிர்களை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்த 1950இல் வேறோர் அம்மை வைரஸ் பரப்பப்பட்டது. தொற்றிய முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மடிந்தன. அவ்வேளையில் மக்களிடையே மூளைக்காய்ச்சல் பரவவே, முயல் வைரஸே காரணம் என்னும் அச்சம் எழுந்தது. ஃபென்னரும் பர்னட்டும் இயன் குளூனிஸ் ராஸ் என்பாரும் அவ்வைரஸைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். மூவருக்கும் தீங்கில்லை, அச்சம் அடங்கியது.

சில ஆண்டுகளில் முயல் வைரஸின் வீரியம் தணிந்தது. முயலை விரைந்து கொன்ற வைரஸ், கொசு வழியே பரவக் காலமின்றித் தானும் அழிந்தது. மெதுவாகக் கொன்றது பரவியது. முயல்களும் தலைமுறை தோறும் எதிர்ப்பாற்றல் பெற்றன. கண்முன்னே நிகழ்ந்த இப்பரிணாமத்தை ஃபென்னர் ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தார். கான்பெராவில் பேராசிரியராக இருந்து, அம்மை வைரஸ்கள் இரண்டு ஒரே செல்லில் பெருகும்போது மரபுப் பண்புகளைக் கலந்துகொள்வதையும் மெய்ப்பித்தார்.

இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975 மே மாதத்தில். பெரியம்மை ஒழிந்த செய்தியை 1980 மே 8 அன்று ஜெனிவாவில் உலகச் சுகாதாரப் பேரவையின்முன் ஃபென்னர் அறிவித்தார். அதன்பின் பிறந்தவர் கையில் அம்மைத் தழும்பு அரிது.

எலியம்மை வைரஸில் ஒரே ஒரு மரபணுவைச் சேர்த்த ஆய்வைக் கான்பெரா ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டனர். தடுப்பூசி பெற்ற எலிகளும் பல மடிந்தன. தம் இளமைக்கால வைரஸ் இவ்வாறு உருமாறியதையும் கண்ட ஃபென்னர், 2010 நவம்பர் 22 அன்று தம் 95ஆம் வயதில் கான்பெராவில் காலமானார்.